மூடப்பட்ட நாளின் கூலி

அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா 2010 நவம்பர் 6ஆம் தேதி மும்பையில் வந்து இறங்கினார். தீபாவளிக்கு மறுநாள். கொலாபாவிலுள்ள தாஜ் மஹால் ஹோட்டலில் தங்கினார். காந்தி தங்கியிருந்த மணி பவனைப் பார்த்தார். அடுத்த நாள் ஹோலி நேம் பள்ளிப் பிள்ளைகளோடு தீபாவளி கொண்டாடிவிட்டு, செயின்ட் சேவியர் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, தில்லிக்குக் கிளம்பினார். முழுதாக இரண்டு நாள்கூட இல்லை. அந்த வருகையை ஒட்டி உலகம் முழுக்கப் பேசப்பட்ட செய்தி ஒன்று உண்டு. மணி பவன் வளாகத்துத் தென்னை மரங்களிலிருந்து தேங்காய்களைப் பறித்து இறக்கினார்கள், அதிபரின் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று. படித்தவர்கள் சிரித்தார்கள், மறந்தார்கள். அதே இரண்டு நாளில் கேட்வே ஆஃப் இந்தியா சுற்றுவட்டாரம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தென்மும்பைக் கரையோரத்திலிருந்து மீன்பிடிப் படகுகள் விலக்கி வைக்கப்பட்டன. அதனால் எத்தனை பேர் எவ்வளவு இழந்தார்கள் என்று கணக்கெடுக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அந்தக் கடமை வேண்டும் என்பதே என் வாதம். விருந்தினரின் பாதுகாப்புக்காக நகரத்தை மூடும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றால், மூடிய நாளின் கூலியும் அரசின் பொறுப்பில்தான் சேர வேண்டும்.

பெரிய மனிதர்களை வரவேற்பது பம்பாய்க்குப் புதிதல்ல. அப்போலோ பந்தர் என்ற அந்தக் கரை ஒரு காலத்தில் கோலி மீனவர்கள் படகு கட்டிய சாதாரணப் படகுத்துறை. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் அங்கே வந்து இறங்கினார்கள். அதன் நினைவாகவே கேட்வே ஆஃப் இந்தியா எழுந்தது. கட்டி முடிய 1924 ஆனது. அதற்குள் 1921 நவம்பர் 17 அன்று வேல்ஸ் இளவரசர் அதே கரையில் இறங்கியபோது காங்கிரஸ் முழு அடைப்புக்கு அழைத்தது. அது கலவரமாக முடிந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அன்று நகரத்தை மூடியவர்கள் மக்கள். இன்று மூடுவது காவல்துறை. இரண்டு தடவையும் அந்தக் கரையில் பிழைப்பு நடத்தியவர்களைக் கேட்டு எதுவும் முடிவாகவில்லை. இதில் இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையைத் தாக்க ஆயுதங்களோடு ரப்பர் படகில் வந்தவர்கள் இறங்கியது கொலாபாவின் மச்சிமார் நகர் மீனவர் குடியிருப்பை ஒட்டிய கரையில். முன்பின் தெரியாத முகங்களைக் கண்டு, யார் நீங்கள் என்று முதலில் கேட்டவர்கள் அங்கிருந்த மீனவ மக்கள். கடலோரத்தின் கண்காணிப்பே அவர்களை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு ஏற்பாடு என்று வந்ததும் முதலில் அப்புறப்படுத்தப்படுவதும் அவர்களின் படகுதான்.

கொலாபா மூடப்பட்டால் மும்பைத் தமிழர்கள் வாழும் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒபாமா விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் பறந்து கொலாபாவின் ஐ.என்.எஸ். ஷிக்ரா கடற்படைத் தளத்தில் இறங்கினார். சயான், தாதர் சாலைகள் அவருக்காக மூடப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த மூன்று இடத்திலும் வாழ்கிற உழைப்பாளிகளின் பிழைப்பு அவர்கள் வசிக்கும் தெருவோடு முடிந்துவிடுவதில்லை. தாராவித் தமிழர் வீடுகளில் அவியும் இட்லியை எடுத்துக்கொள்வோம். அரிசியும் உளுந்தும் முந்தின நாள் ஊற வேண்டும், மாலையில் அரைபட வேண்டும், இரவெல்லாம் மாவு புளிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே அடுப்பு பற்ற வைத்தால்தான் சைக்கிள்காரர் சட்னி, சாம்பாரோடு நகரத்தின் வெவ்வேறு மூலைகளுக்குக் கிளம்ப முடியும். இன்று விற்கும் இட்லிக்கான பணம் நேற்றே செலவாகிவிட்டது. வழக்கமாக நிற்கும் தெருமுனையில் காலையில் தடுப்பு வைத்திருப்பதைப் பார்க்கிறவருக்கு அன்றைய லாபம் மட்டும் போவதில்லை, நேற்றைய முதலும் சேர்ந்து போகிறது. புளித்த மாவை நாளைக்கு வைக்க முடியாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்காரருக்கு மல்லிகை, கொலாபா மீன்காரிக்குப் பாம்ஃப்ரெட், எல்லாம் இதே கதை. செம்பூர் நாக்காவில் காலையில் கூலி வேலைக்காக நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கெட்டுப்போகிற சரக்கு இல்லை. அவர்கள் விற்பதே அந்த ஒரு பகலைத்தான். மேஸ்திரியின் வண்டி வராவிட்டால் அந்தப் பகல் வீண். இவர்களில் பலர் தண்டல் வட்டிக்குப் பணம் வாங்கியவர்கள். தண்டல்காரர் அன்று சாயங்காலம் வந்து நிற்பார். அதிபர் வந்ததற்காக அவர் தவணையைத் தள்ளிவைப்பதில்லை.

இந்த நஷ்டத்தின் எல்லை இப்போது இன்னும் வடக்கே நகர்ந்திருக்கிறது. முன்பு முக்கிய விருந்தினர் என்றால் கொலாபா, மலபார் ஹில், நாரிமன் பாயின்ட்தான். இப்போது பெரிய மாநாடுகள் பாந்த்ரா குர்லா வளாகத்தில் நடக்கின்றன. 2025 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் கீர் ஸ்டார்மர் வந்தபோது, அவரும் பிரதமர் மோடியும் அங்கேயுள்ள ஜியோ வேர்ல்டு சென்டரில்தான் நிதித் தொழில்நுட்ப மாநாட்டில் பேசினார்கள். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வளாகம், இந்தப் பக்கம் தாராவி. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், காவல் நிற்கிறவர்கள், மதியச் சாப்பாடு விற்கிறவர்கள் கணிசமாக ஆற்றின் இந்தக் கரையிலிருந்து நடந்து போகிறவர்கள். சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே ஆட்டோ ஓட அனுமதி இல்லாததால், ஆட்டோ ஓட்டிகளின் சவாரிகளும் இந்த எல்லைப் பகுதியில்தான் திரள்கின்றன. அங்கே சாலை மூடப்படும்போது வளாகத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குத் தாமதம்; தாராவிக்காரருக்கு வருமானமே இல்லை.

தாமதத்துக்கும் வருமான இழப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அரசு அறிவிப்புகள் கண்டுகொள்வதே இல்லை. 'பொதுமக்களுக்கு ஏற்படும் அசௌகரியம்' என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. சீனத் தலைவர்கள் ஹெலிகாப்டரைத் தவிர்ப்பவர்கள் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. எனவே கிண்டி ஹோட்டலிலிருந்து மாமல்லபுரம் வரை சுமார் 50 கிலோமீட்டர் காரிலேயே போனார். ராஜீவ் காந்தி சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் போக்குவரத்து நிறுத்தப்பட்டது, திருப்பிவிடப்பட்டது. அந்தச் சாலையோர ஐ.டி. நிறுவனங்கள் பல, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. அந்த ஊழியருக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. நெரிசலில் மாட்டாமல் தப்பித்தது லாபம் என்றும் சொல்லலாம். அவருக்குத் தினம் டீயும் வடையும் கொடுக்கும் தள்ளுவண்டிக்காரர் வீட்டிலிருந்து எதை விற்பார்? மாமல்லபுரத்தில் சிற்பங்களைச் சுற்றியிருந்த சிறுகடைகள் அப்புறப்படுத்தப்பட்டன, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லப்பட்டது. ஒரே உத்தரவு, ஒரே சாலை. மாதச் சம்பளக்காரரின் நாளை அது தொடவில்லை. தினக்கூலிக்காரரின் நாளை முழுதாக எடுத்துக்கொண்டது.

பாதுகாப்புக்குத் துளியும் தொடர்பில்லாத இன்னொரு வகை ஏற்பாடும் உண்டு. 2020 பிப்ரவரியில் டொனால்டு டிரம்ப் அகமதாபாத் வருவதற்கு முன் விமான நிலையச் சாலையோரம் சரணியாவாஸ் குடிசைப் பகுதியை ஒட்டி மாநகராட்சி சுவர் எழுப்பியது. மோட்டேரா மைதானத்துக்கு அருகே 45 குடும்பங்களுக்கு இடத்தைக் காலி செய்யும்படி நோட்டீஸ் போனது. வருகைக்கும் நோட்டீஸுக்கும் சம்பந்தமில்லை என்றது மாநகராட்சி. 2017 நவம்பரில் ஹைதராபாத்தில் இவாங்கா டிரம்ப் கலந்துகொண்ட மாநாட்டுக்கு முன்னதாக, பிச்சையெடுப்பதற்குக் காவல்துறை இரண்டு மாதம் தடை விதித்தது. 2022 டிசம்பரில் ஜி20 கூட்டத்துக்காக மும்பை நெடுஞ்சாலையோரக் குடிசைகள் திரைகளாலும் பதாகைகளாலும் மறைக்கப்பட்டன. இவை பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. தாங்கள் இருப்பதே ஊருக்கு அவமானம் என்று ஏழைகளிடம் சொல்கிற காரியம் இது. எந்த விருந்தினரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

பாதுகாப்பு என்ற பதில் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. மும்பையில் 26/11 தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். ஒபாமா தங்கிய தாஜ் ஹோட்டலே தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று. சம்பவம் நடந்து அப்போது இரண்டு வருடம்கூட நிறைவடையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று நடந்ததை அறிந்த தமிழர்களுக்குப் பாதுகாப்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இருந்தார்கள். ஆகவே சாலையை மூடாதே, படகை விடு என்று நான் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான். பந்தோபஸ்துக்கு வரும் காவலருக்குப் படி உண்டு. தடுப்புக்கட்டை அடிக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பில் உண்டு. ஹோட்டல் அறைக்கு வாடகை உண்டு. பாதுகாப்புக்குத் தேவைப்படும் ஒவ்வொன்றுக்கும் அரசோ விருந்தினரோ விலை கொடுக்கிறார்கள். மீனவரின் ஒரு நாளும் இட்லிக்காரரின் ஒரு நாளும் மட்டும் இலவசமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விருந்தாளிக்கு இலை போடுகிற வீடு, அரிசியைப் பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து கேட்காமல் அள்ளிக்கொள்வதில்லை.

இத்தகைய வருகைகளால் நாட்டுக்கு முதலீடும் வர்த்தகமும் வருகின்றன, இரண்டு நாள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்பார்கள். மும்பையில் அன்று நடந்த வர்த்தகக் கூட்டத்தில் ஒபாமா அறிவித்த ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். அவற்றால் அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு ஆதாரம் கிடைக்கும் என்று அவரே எண்ணிச் சொன்னார். தன் நாட்டுத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தலைவர் கணக்குச் சொல்வது சரியான காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருகைக்குத் தினம் 20 கோடி டாலர் செலவாகிறது என்று ஒரு புரளியும் கிளம்பியது. மகாராஷ்டிர அதிகாரி ஒருவர் சொன்னதாக, பெயர் போடாமல் வந்த செய்தி அது; அமெரிக்க அரசியலில் பெரும் சர்ச்சையாகி, வெள்ளை மாளிகை மறுக்க வேண்டியதாயிற்று. இப்படி அமெரிக்க வேலைகளுக்கு ஓர் எண், அமெரிக்கச் செலவுக்குப் பொய்யாகவேனும் ஓர் எண். மும்பையில் இழந்த வேலை நாட்களுக்கு மட்டும் எண்ணே கிடையாது. நாட்டுக்கு லாபம் என்பது உண்மையானால் அந்த லாபத்தின் ஒரு துளியிலிருந்தே நஷ்டத்தை ஈடுகட்டிவிடலாம். லாபம் பெரியது என்று சொல்லச் சொல்ல, இழப்பீட்டை மறுப்பதற்கான காரணம் சிறியதாகிக்கொண்டே போகிறது.

வெளிநாட்டுத் தலைவர் எப்போதோ ஒருமுறை வருகிறார்; பந்த், ஊர்வலம், உள்ளூர் அரசியல்வாதியின் பிறந்தநாள் என்று மும்பையை மூடுகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்களே என்ற ஆட்சேபமும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு மும்பை நீதிமன்றமே ஒரு பாதி விடையைக் கொடுத்திருக்கிறது. 2003 ஜூலையில் காட்கோபரில் பேருந்தில் குண்டு வெடித்ததைக் கண்டித்து சிவசேனையும் பாஜகவும் பந்த் நடத்தின. குடிமக்கள் சிலர் தொடுத்த பொதுநல வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2004இல் இரு கட்சிகளுக்கும் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நகரத்தின் பிழைப்பை நிறுத்துகிறவர் அதற்குப் பணத்தால் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இந்த நகரத்தில் ஏற்கெனவே சட்ட வடிவம் பெற்றுவிட்டது. கட்சி மிரட்டி மூடுகிறது, அரசு சட்டப்படி மூடுகிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று ஒரு வழக்கறிஞர் கேட்பார். மூடுகிறவர் செய்தது குற்றமா இல்லையா என்பதில் இரண்டும் ஒன்றல்ல. ஒரு நாளை இழந்தவரின் பையில் இரண்டும் ஒன்றுதான். சாலைக்காக நிலத்தைச் சட்டப்படி எடுக்கும் அரசு நில உரிமையாளருக்கு இழப்பீடு தருகிறது. குற்றம் செய்ததற்காகத் தருவதில்லை, பொது நன்மைக்காக ஒருவரிடமிருந்து எடுத்ததற்காகத் தருகிறது. நிலம் உள்ளவரிடம் நிலத்தை எடுக்கிறோம், நிலமில்லாதவரிடம் நாளை எடுக்கிறோம்.

நாள் என்பதும் சொத்துதானா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஓல்கா டெல்லிஸ் வழக்கைப் படிக்க வேண்டும். மகாராஷ்டிர முதல்வராக அந்துலே இருந்த 1981 ஜூலையில் பம்பாய் நடைபாதைவாசிகளின் குடில்கள் பிரித்தெறியப்பட்டு, மக்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு தமிழர் இருந்தார். வறட்சியில் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி; ரசாயன நிறுவனம் ஒன்றில் நாளுக்கு 23 ரூபாய் கூலி; பிளாஸ்டிக் விரிப்பும் கான்வாஸும் கட்டிய நடைபாதை இடத்துக்கு ஒரு தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதவர்; மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அவரையும் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே தங்கினார். இவ்வளவும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளின் அமர்வு, உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு நடைபாதைவாசிகளைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றே முடிந்தது. ஆனாலும் பிழைப்பைப் பறிப்பதற்கு நியாயமான நடைமுறை வேண்டும் என்ற கொள்கை நின்றது. முந்தின இரவு வெளியாகும் போக்குவரத்து அறிவிப்பு அந்த நடைமுறையாகாது. எந்தச் சாலை, எந்த நேரம், மாற்று வழி எது, ஆம்புலன்ஸுக்கு விலக்கு என்றெல்லாம் அதில் இருக்கும்; அங்கே பிழைக்கிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஏற்பாடு செய்ய முடியாததல்ல. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக. அந்தத் தடைக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023இல் அறிவிப்பு வந்தது. தொகை போதாது என்பது வேறு விஷயம். பொது நன்மைக்காகக் கடலை மூடினால் மூடியவர் பணம் தர வேண்டும் என்ற கொள்கையை அரசே ஏற்றுக்கொண்டு நடத்திவருகிறது. மீன்குஞ்சுக்காக மூடும்போது பொருந்துவது அதிபருக்காக மூடும்போது ஏன் பொருந்தாது? இழப்பீட்டுக்கு முந்தைய படியும் உண்டு: மூடலையே சுருக்குவது. ஒபாமாவின் ஹெலிகாப்டர் பயணம் வடக்கிலிருந்து தெற்கு வரையுள்ள சாலைகளை மூடலிலிருந்து காப்பாற்றியது. 2003 நவம்பரில் இளவரசர் சார்ல்ஸ் சர்ச்கேட் ஸ்டேஷன் அருகே டப்பாவாலாக்களைச் சந்திக்க விரும்பியபோது, சாப்பாடு கொண்டுபோகும் நேரத்தைத் தவறவிட முடியாது, எங்கள் நேரத்துக்கு வாருங்கள் என்று அவர்கள் சொன்னார்கள் என்பது டப்பாவாலா சங்கத்தார் பெருமையோடு சொல்லும் விஷயம். இளவரசர் அவர்கள் நேரத்துக்கே வந்தார். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, சொல்வதற்கு ஒரு வாய் இருந்தது.

கடைசி ஆட்சேபம்தான் கடினமானது: யாருக்குக் கொடுப்பது? மீன்பிடிப் படகுக்குப் பதிவு உண்டு, ஆட்டோவுக்குப் பர்மிட் உண்டு. தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழ் உண்டு என்பது ஏட்டளவில்தான். மும்பையில் அந்தக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விண்ணப்பித்தும் தகுதிப் பட்டியலில் இடம் பிடித்தவர்கள் சுமார் 32,000 பேர். நாக்காவில் நிற்கும் சித்தாளுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் மிக ஏழைகளே விடுபட்டுப் போவார்கள் என்ற பயம் நியாயமானது. அரசு பட்டியல் போடும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு மும்பைத் தமிழர்களின் வரலாற்றிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்து, மான்கூர்ட் ஜனதா காலனியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம், நெருக்கடி நிலையின்போது 1976இல் அந்தக் காலனியே பெயர்த்தெறியப்பட்டுச் சீட்டா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டதைக் கண்டவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியவரும் அவரே. குடிசை மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது அந்த இயக்கம் கற்றுக்கொடுத்த வழி. ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வந்த அதே 1985இல் ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்பு பம்பாய் நடைபாதைகளில் சுமார் 6,000 குடும்பங்களை எண்ணி, 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. அதுவரை நடைபாதைவாசி என்றால் வேலையற்று வந்து குந்தியவர் என்று பேசிய நகரத்துக்கு முன்னால், என்ன வேலை, என்ன வருமானம், எத்தனை வருடமாக என்று தாள்கள் வந்து விழுந்தன. மச்சிமார் நகர் மீனவர்களும் தாராவி இட்லிக்காரர்களும் செம்பூர் நாக்காவில் நிற்கிறவர்களும் அடுத்த வருகை அறிவிக்கப்படும் முன்பே அப்படியொரு தாளை நிரப்பத் தொடங்கலாம். அதில் நான்கு பத்தி போதும்: பெயர், தொழில், நிற்கும் இடம், ஒரு நாள் வருமானம்.